தளம் பார்க்க வந்தவர்

புது வீட்டின் குறை நிறை தெரிய ஒரு ஐப்பசி வர வேண்டும். கிரகப்பிரவேசத்தன்று எல்லாச் சுவரும் பளபளப்பாகத்தான் இருக்கும். மழை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் எந்த ஜன்னலுக்கு அடியில் தண்ணீர் இறங்குகிறது, மொட்டை மாடியில் வாட்டம் எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீட்டிலும் முதல் மழைக்காலத்தில்தான் குளியலறைக் கூரையில் ஓதம் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. மழைத் தண்ணீர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மழை நின்று, தை பிறந்து, வெயில் ஏறிய பிறகும் அது காயவில்லை. படுக்கையறைச் சுவருக்கும் பரவி, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து, உப்புப் பூத்தது.

ஈரச் சுவரின் வாசனை என்னை எப்போதும் மன்னார்குடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். 1960களின் கடைசியில் அப்பா அங்கே வீடு கட்டினார். மாடிக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து கட்டையால் அடிப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அடித்த கட்டை தளத்தில் பதியாமல் எகிறித் திரும்புகிறவரை அடி நிற்காது. அப்புறம்தான் தட்டோடு பதிப்பார்கள். அந்தப் புளித்த, இனித்த சுண்ணாம்பு வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும்.

அந்தத் தளத்தைப் போட்ட கொத்தனார் பக்கத்துத் தெருக்காரர். ஒவ்வொரு வருஷமும் ஆவணி, புரட்டாசி வாக்கில், யாரும் கூப்பிடாமலே வருவார். மாடி ஏறி, கரணையின் கைப்பிடியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் பொத்தலாக வந்தால் அந்த ஓட்டைப் பெயர்த்து மறுபடி பதித்து, இடுக்குகளில் சுண்ணாம்பு அடைத்துவிட்டு இறங்குவார். அப்பா காசு கொடுத்தால் வாங்க மாட்டார். “நான் போட்ட தளம்ங்கய்யா. ஒழுகுச்சுன்னா ஊர்ல என் பேரைத்தானே சொல்லுவாங்க” என்பார். காபி மட்டும் குடிப்பார்.

எங்கள் அடுக்ககத்தைக் கட்டியவர்களின் பெயரும் வாசல் வளைவில் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தளம் போட்டவர் யார், டைல்ஸ் பதித்தவர் யார் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரி கூட்டிவந்த ஆட்கள் என்று கை மாறிப் போயிருக்கிறது வேலை. சாவி வாங்கிய அன்று நான் ஒரு நாணயத்தை வைத்துத் தரை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். கூடத்து மூலையில் சில டைல்கள் ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகச் சத்தம் கொடுத்தன. அடியில் கலவை முழுதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கான்கிரீட் தூணும் கல் சுவரும் சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பூசுவதற்கு முன்னால் அந்த இணைப்பில் கோழிவலையை அடித்திருந்தால் கீறல் விட்டிருக்காது. இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவை ஓரளவு சீக்கிரமே சரியாயின. கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு ஆள் வருவது எளிது. தண்ணீர்தான் கடினம். அது ஒரு இடத்தில் புகுந்து வேறொரு இடத்தில் வெளியே வரும்.

கறையைப் பார்க்க வந்த சைட் இன்ஜினியர் சின்னப் பையன். கையோடு பெயிண்டரையும் கூட்டி வந்திருந்தார். “மேடம், சுரண்டிட்டு, புட்டி வெச்சு ரெண்டு கோட் அடிச்சிட்டா தெரியாது.”

“தம்பி, தெரியாம இருக்கறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? தண்ணி மேலேர்ந்து வருது. கீழ பெயிண்ட் அடிச்சா எப்படிப்பா நிக்கும்?”

அவர் பதில் சொல்லவில்லை. அவரைக் கோபித்தும் பயனில்லை. அவர் கையில் கொடுத்தனுப்பியது பெயிண்ட்தான்.

தண்ணீர் வீட்டைக் கெடுக்கும். கட்டும்போது அதே தண்ணீர்தான் வீட்டுக்கு உயிர். மன்னார்குடி வீட்டின் பின்கட்டுக்குப் பிற்பாடு கான்கிரீட் தளம் போட்டபோது, பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் தண்ணீர் விடுவது எனக்கும் தம்பிக்கும் வேலை. தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, குளம்போல் தண்ணீரை நிறுத்துவார்கள். பாத்தி வற்றவே கூடாது. இந்தியத் தர நிர்ணய ஏடான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. உலர்ந்த வெப்பமான இடமென்றால் 10 நாளுக்குக் குறையக் கூடாது. சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் அதையும் 14 நாள்வரை நீட்டுவது நல்லது என்கிறது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. பாதியில் காயவிட்டால் தளமும் பூச்சும் வலுவிழந்து வெடிக்கும். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு ஆள், ஒரு ஹோஸ், கொஞ்சம் பொறுமை. ஒப்படைக்கும் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இந்தப் பொறுமைதான்.

அவசரமும் அலட்சியமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னை கண்ணால் பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மாலை, மழையில், மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு சுவர்க் கீறலையும் அந்தச் சாவுகளையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் வேலையின் தரத்தைக் கேட்பதை வீடு வாங்கினவர்களின் சொகுசுப் புகார் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தொழிலாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அதே 2016இல்தான் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே 1 முதல் அது முழுமையாக நடப்புக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ, வசதிகளிலோ குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள், காசு வாங்காமல், கட்டிக்கொடுத்தவர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு தர வேண்டும். மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். பக்கத்துத் தெருவில் குடியிருந்த கொத்தனார் பேருக்குப் பயந்து செய்ததை, முகம் தெரியாதவர்கள் கட்டும் வீட்டுக்கு இந்தச் சட்டம்தான் செய்ய வைக்க வேண்டும்.

கடிதம் எழுதினேன். ஒப்படைப்புச் சான்றின் தேதி, கறையின் படங்கள், படம் எடுத்த நாள், 14ஆம் பிரிவு எல்லாவற்றையும் வைத்து மின்னஞ்சலிலும், ஒப்புகைச் சீட்டோடு தபாலிலும் அனுப்பினேன். மேல் வீட்டு அக்காவிடமும் போய் உட்கார்ந்து பேசினேன். அவர் குளியலறையை உடைக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது. “உங்க வீட்டுல ஒழுகுறது என் தளம்தானே. உடைக்கட்டும், நான் அந்தப் பாத்ரூமைப் பூட்டிக்கறேன்” என்றார் அவர். அடுக்ககத்தில் பழுது பார்ப்பதற்குச் சட்டம் வேண்டும், இப்படி ஒரு மனுஷியும் வேண்டும்.

இந்த முறை வந்த பிளம்பர் பெயிண்ட் டப்பாவோடு வரவில்லை. மேல் வீட்டுக் குளியலறைத் தரையின் வடிகாலான நஹானி ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, கதவோரம் கலவையால் தடுப்பு கட்டி, தரையில் தண்ணீர் நிறுத்தினார். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. எங்கள் கூரையில் சொட்டத் தொடங்கியிருந்தது. டைல்களைப் பெயர்த்து, அடியில் நிரப்பியிருந்ததை அள்ளிப் பள்ளத் தளத்தைத் திறந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கழிவுநீர்க் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் குழாயைச் சுற்றிச் செங்கல் துண்டும் மணலும். நீர்க்காப்புப் பூச்சு தரையோடு நின்றுபோயிருந்தது, சுவரில் ஒரு சாண்கூட ஏறவில்லை.

கட்டட இடிபாட்டைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அம்மா இந்த அடுக்ககம் கட்டும்போதே இங்கே வேலை செய்தவர். “அப்ப தண்ணி விட ஆளே கெடையாதும்மா. பூசின மறுநாளே டைல்ஸ்காரங்க வந்து நிப்பாங்க. நாங்க சொன்னா யாரு கேக்கறா?” என்றார். வேலை தெரியாமல் கெட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. இந்தத் தடவை கொடுத்தார்கள். குழாயைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் ஊற்றி, பூச்சை மூலை மடித்துச் சுவரில் ஏற்றி, ஒரு கோட் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அடித்தார்கள். அது இறுகியதும் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் பதித்தார்கள். எங்கள் கூரைக்கு பெயிண்ட் கடைசியாக, அது நன்றாகக் காய்ந்த பிறகு வந்தது.

தம்பி திருச்சியில் தனி வீடு கட்டத் தொடங்கியபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எனக்கும் அந்தச் சட்டம் உண்டாக்கா?” என்றான். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்து விற்பனைக்குக் கட்டினால்தான் அதில் பதிவு கட்டாயம். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுபவர்களுக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே போவதற்கு 2 ஆண்டுதான் கெடு. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன்: கடைசித் தவணையில் ஒரு பகுதி, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகுதான்.

எங்கள் அடுக்ககத்துக்கு 5 ஆண்டு முடியப்போகிறது. சங்கத்தில் மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, வண்டி நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வளாகத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி வந்து, சமையலறைச் சுவர் ஊறுகிறது, பில்டரோடு எதற்குப் பகை என்று வீட்டில் தடுக்கிறார்கள் என்றாள். பழுதைச் சொல்வதில் பகை ஏதும் இல்லை, கட்டியவருக்கு அவருடைய கடமையைச் செய்ய வாய்ப்புக் கொடுக்கிறாய் என்றேன். இன்றைக்கே எழுது என்றேன். படத்தை வை, ஒப்புகை வாங்கு, தேதியைத் தெளிவாகப் போடு. அவர்கள் அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து 30 நாள் ஓடத் தொடங்கும்.