மிஷினைப் பிடிக்கிற கை

திருப்பூர்–கோபி சாலையும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் பெருமாநல்லூர். வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழாவால் தெரிந்திருக்கும். பக்கத்தில் ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. சுற்றிலும் நிட்டிங், பிரிண்டிங், பனியன் கம்பெனி என்று ஏதாவது ஒரு ஷெட். கம்பெனி இருந்தால் ஓனருக்கு ஒரு கார் இருக்கும், அதைக் காலையில் துடைக்க டிரைவரிடம் ஒரு கட்டு பனியன் வேஸ்ட் இருக்கும். நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கப் போகிற கட்டிங் துணிதான் அது. இங்கே ராத்திரிப் புழுதி படிந்த பானெட்டின் மேல் தண்ணீர்கூடத் தெளிக்காமல் ஓடுகிறது.

துணி மெத்தென்றுதான் இருக்கும். அதற்கடியில் மாட்டுகிற மண்துகளும், ஓவர்லாக் தையலில் தொங்கும் பாலியஸ்டர் நூல் முடிச்சும்தான் வேலையைக் கெடுக்கின்றன. நான் போன கார் டீடெய்லிங் ஷெட்டில் ஒரு கறுப்பு செடான் நின்றது. நிழலில் குறையே தெரியவில்லை. எல்.இ.டி. விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல்கள் எழுந்தன. உண்மையில் அவை வட்டக் கீறல்கள் இல்லை, எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண் வட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்கிறது.

பாலிஷ் பிடிப்பவருக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்கும். முன்பு பனியன் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் இருந்தவர். "அயர்ன் பொட்டி புடிச்ச கைதானுங்க இது. ஒரே எடத்துல நின்னா துணியும் போச்சு, பெயிண்டும் போச்சு" என்றார். ஒரு இழுப்பின் பாதியை அடுத்த இழுப்பு மூடும்படி மெதுவாக நகர்த்துவதும் அங்கே பழகியதுதானாம்.

சுவரோரம் மாட்டியிருந்த முதல் மிஷின் ரோட்டரி. டிங்கரிங் பட்டறைகளில் பெயிண்டர் கையில் பார்த்துப் பழகியது. ஒரே அச்சில் நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று வரை போகும். கம்பளிப் பேடும் காம்பவுண்டும் சேர்ந்தால் பழைய, வெளுத்துப்போன பெயிண்டை மளமளவென்று வெட்டிவிடும். ஒரே திசையில் சுற்றுவதால் சூடும் மளமளவென்று ஏறும். இரும்புத் தகடு அந்தச் சூட்டை இழுத்துப் பரப்பிவிடுகிறது, பிளாஸ்டிக் பம்பருக்கு அந்த வசதி இல்லை. கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் பெயிண்ட் படிவதே மெல்லிசாகத்தான். ரோட்டரி வைத்து அவசரப்பட்டவர்கள் பெயிண்டைத் தின்னக் கொடுப்பது பெரும்பாலும் அங்கேதான். பிழைத்தாலும், வெயிலில் நிறுத்தும்போது பேட் போன தடம் வரிவரியாகத் தெரியும். 'ஹோலோகிராம்' என்கிறார்கள். கீறலுக்குக் காசு கொடுத்து வரியை வாங்கிப் போகும் வாடிக்கையாளர்கள் ஏராளம்.

அதற்காக ரோட்டரியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடத்தை எடுக்கவும், நிறத்தின் மேல் பூசும் கிளியர் கோட்டே இல்லாத பழைய அம்பாசடர் வந்தால் அதற்கும் அதுதான் வேண்டும். அம்பாசடரில் பேட் காரின் நிறத்துக்கே மாறிவிடும். அதைப் பார்த்துப் பதறக் கூடாது, கலர் பெயிண்டையே நேராகத் தேய்க்கிறோம் என்று அர்த்தம்.

அன்றாட வேலை டூயல் ஆக்‌ஷன் மிஷினில் நடக்கிறது. இங்கே எல்லாருக்கும் அது 'டி.ஏ.'. பேட் தன்னைத்தானே சுற்றுவதோடு, அச்சிலிருந்து விலகி ஒரு சிறு வட்டமும் போடும். அந்த வட்டத்தின் குறுக்களவைத்தான் பெட்டியில் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. 1947-இல் தொடங்கிய இத்தாலியக் கம்பெனி ரூபெஸ் 15, 21 என்ற அளவுகளைப் பிரபலமாக்கியது. இப்போது அதே அளவில் சீன மிஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன.

21 வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கடைக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. பார்ச்சூனர் பானெட்டில் அது பறக்கிறது. ஆனால் இந்த ஷெட்டுக்கு வருவதில் பாதி ஸ்விப்டும் ஆல்டோவும். அவற்றின் கதவு வளைவில் பெரிய பேட் முழுதாக உட்காராது. ஒரு பக்கம் அமுங்கியதும் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். சத்தம் மாறாததால் புதிதாய்ப் பிடிப்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். இவர் பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். கோடு கலங்கித் தெரிந்தால் பேட் சுற்றுகிறது. கோடு கண்ணுக்குப் பிடிபட்டால் நின்றுவிட்டது, கையை லேசாக்க வேண்டும். ஒரே ஒரு மிஷின்தான் வாங்க முடியும் என்றால் நம் ஊர்க் கார்களுக்கு 15 போதும் என்பது அவர் கட்சி. பார்த்த பிறகு என் கட்சியும் அதுதான்.

மிஷினைக் கையில் எடுக்கும் முன் அவர் எடுப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரான் மீட்டர். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100-லிருந்து 140 மைக்ரானுக்குள் இருக்கும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் நாற்பது, ஐம்பது மைக்ரான்தான். கீறலை எடுப்பது என்றால் சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குவது, வேறொன்றுமில்லை. மீட்டர் மொத்தக் கனத்தை மட்டுமே காட்டும், கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. செடானின் வலது பின்கதவில் 290 வந்தது, மற்ற இடமெல்லாம் 110-ஐ ஒட்டி. அந்தக் கதவு எப்போதோ பெயிண்ட் அடித்தது. கனம் இருக்கிறதே என்று துணிந்தால் அடியில் பட்டியோ பழைய பெயிண்டோ இருக்கலாம், மேலே கிளியர் சொற்பமாக இருக்கலாம். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, மெத்தென்ற பேடும் மென்மையான பாலிஷுமாக முதலில் சோதித்தார். போதவில்லை. பேடை மட்டும் ஒரு படி கடினமாக்கினார், கீறல் போய்விட்டது. ரோட்டரி சுவரிலேயே தொங்கியது.

போர்வெல் தண்ணீர்க் கறை வேறு சங்கதி. உப்புத் தண்ணீரில் வாட்டர் வாஷ் செய்து வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பு வட்டம் படியும். அதற்கு முதலில் லேசான அமிலக் கலவைதான், மிஷின் அப்புறம்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரண்டரை, மூன்று கிலோ மிஷினைக் கதவின் செங்குத்துப் பரப்பில் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். அதிர்வு இன்னும் மோசம். வருஷக்கணக்கில் வாங்கினால் விரல் மரத்து, வெளுத்துப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் விதியே போட்டிருக்கிறது: எட்டு மணி நேரச் சராசரி வினாடி சதுரத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. பெரிய கம்பெனி மிஷின்களின் கையேட்டில் அந்தந்த மிஷினின் அதிர்வு எண் அச்சாகி வருகிறது. வாட்ஸையும் ஆர்.பி.எம்.மையும் விசாரிக்கிற நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. கார்பன் பிரஷ் கோயம்புத்தூரில் கிடைக்குமா, பேக்கிங் பிளேட்டின் மரை எந்த அளவு என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் மிஷின் 120 வோல்ட், நம் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான்.

ஷெட் ஓனர் ஒரு கேட்லாக்கோடு வந்தார். பற்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுழலும் ரகம், அடுத்து அதுதான் வாங்க வேண்டுமாம். "எவ்வளவு அமுத்துனாலும் நிக்காதாம் தம்பி."

"நிக்கறதும் நல்லதுக்குத்தானுங்கண்ணா. ஓரத்துல கை தவறி அமுத்திட்டா அதுவே நின்னுக்குது, பெயிண்டு தப்பிச்சுக்குது. புதுப் பையன் கையில அதைக் குடுத்தா யாரு பாக்கறது? அதிருறதும் ஜாஸ்தியாமுங்க."

ஓனர் அப்போதைக்குக் கேட்லாக்கை மூடினார். பேச்சு மூன்று இஞ்ச் பேட் போடும் சின்ன மிஷினுக்குத் திரும்பியது. பில்லர், கண்ணாடி மூடி, பம்பரின் இடுக்கு எல்லாம் இதுவரை கையால்தான் தேய்க்கிறார்கள். ஒரு காருக்கு அதிலேயே அரை நாள் போகிறது. முதலில் அதை வாங்குவது என்று முடிவானது.