யார் இது, எப்படிப்பட்டது?

பினாங்கில் விடுதி வாசல் வளைவை மூடிப் படர்ந்திருந்தது அந்தக் கொடி. ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு. மூன்று கொடிகளைச் சேர்த்துப் பின்னிவிட்டிருக்கிறார்கள் என்றார் தாம்பரத்திலிருந்து வந்திருந்த கணவர். “நம்ம தெருமுனை வீட்டுல இருக்கே, ரங்கூன் மல்லிங்க” என்றார் மனைவி. விமானம் ஏறி வந்து பார்க்கும் பூ தெருமுனைப் பூவாக இருக்க முடியாது என்பது கணவர் கட்சி. கைபேசியில் படமெடுத்துச் செயலியிடம் கேட்டார். செயலி மனைவி பக்கம் சாய்ந்தது.

மூன்று நிறமும் ஒரே பூவின் வெவ்வேறு வயது. அந்தியில் வெள்ளையாக விரிந்து மணம் வீசும். நீண்ட உறிஞ்சுகுழலோடு அந்துப்பூச்சிகள் வரும். அடுத்த நாள் ரோஸ் ஏறித் தலை தொங்கும். அப்புறம் சிவப்பு. பகலில் தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள்.

ஆளைக் குழப்புவது இதற்குப் பழைய வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக அம்போன் தீவில் இருந்த ரும்ஃபியஸ், மலாய் மொழியில் இதன் பெயர் ‘உடானி’ என்று கேட்டார். அவர் காதில் அது டச்சுச் சொல் ஒன்றைப்போல் விழுந்தது, ‘எப்படிப்பட்டது?’ என்று பொருள். இளசில் புதராக நிமிர்ந்து நின்று, பிறகு கொடியாகிப் பக்கத்து மரத்தைப் பிடிக்கிற செடிக்குக் கேள்வியே பொருத்தமான பெயர். லத்தீனில் ‘குவிஸ் குவாலிஸ்’ ஆக்கினார்: யார், எப்படிப்பட்டது?

கேட்டவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1670இல் கண் பார்வை போயிற்று. 1674 நிலநடுக்கத்தில் மனைவியும் ஒரு மகளும் இறந்தார்கள். சொல்லச் சொல்ல எழுதிய உதவியாளர்களுக்கு லத்தீன் வராது. லத்தீனில் எழுதிவந்த தாவர நூலையே டச்சுக்கு மாற்றினார். 1687இல் தீ விபத்து, படங்கள் எரிந்தன. திரும்ப வரையவைத்து அனுப்பினால், 1692இல் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நகல் ஒன்று கைவசம் இருந்தது. 1702இல் ரும்ஃபியஸ் காலமானார். நூல் அச்சேறத் தொடங்கியது 1741இல்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1762இல் அந்தக் கேள்வியையே பேரினப் பெயராக வைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் இந்தக் கொடியைக் கொம்ப்ரெட்டம் பேரினத்தில் சேர்த்துக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். பெரிய இழப்பு என்று கணவர் வருத்தப்பட்டார். மனைவி, இட்லிக்கு நேரமாயிற்று என்றார்.

இதன் விதையில் கிடைத்த ஓர் அமிலத்தை மூளை நரம்புகளை ஆராய்கிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் இன்றும் குவிஸ்குவாலிக் அமிலம்.