அயர்லாந்து: ஊரை விட்டுக் கிளம்பியவர்களின் ஊர்

ஒரு காலத்தில் உலகெங்கும் குருக்களையும் கன்னியர்களையும் அனுப்பிவைத்த நாடு அயர்லாந்து. இன்று அங்கே ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் போன பங்குத்தந்தைகளும் அருட்சகோதரிகளும் அந்த ஊர் ஆலயங்களில் பணியாற்றுகிறார்கள். ஓய்வு நாளில் அவர்கள் சுற்றிப் பார்க்கப் போகும் பழைய இடங்கள் பலவும், அவர்களைப் போலவே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் விட்டுச் சென்றவைதான்.

டப்ளினில் இருப்பவர்களுக்குப் பக்கம், கிளென்டலாக். தெற்கே சுமார் 50 கி.மீ., விக்லோ மலைகளுக்கு நடுவே. 'இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு' என்று பொருள். 6-ம் நூற்றாண்டில் தனிமை தேடி இங்கே வந்தவர் புனித கெவின். கைகளை விரித்து அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, உள்ளங்கையில் ஒரு கருங்குருவி கூடு கட்டி முட்டையிட்டதாம். குஞ்சு பொரிக்கும்வரை அவர் கையை அசைக்கவே இல்லையாம்! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைத் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கதையாகத் தோன்றாது.

சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். அதன் வாசல் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணி இல்லாமல் ஏற முடியாது. கோபுரத்தைப் படமெடுக்கும் அவசரத்தில் பலரும் தவறவிடுவது, நுழைவு வளைவுக்குள் சுவரில் இருக்கும் சிலுவை பொறித்த கல்லை. யார் துரத்தி வந்தாலும் சரி, அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அடைக்கலம். நின்று பார்க்க வேண்டிய கல் அது.

ஸ்கெலிக் மைக்கேல் வேறு ரகம். கெர்ரி கடற்கரையிலிருந்து 12 கி.மீ. தள்ளி, கடலுக்குள் 218 மீட்டர் உயரப் பாறை. 600-க்கும் மேற்பட்ட கல் படிகள் ஏறினால், சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் அடுக்கிய தேன்கூடு வடிவக் குடில்கள். 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. கோடை மாதங்களில் மட்டுமே படகு; முன்பதிவு இருந்தாலும் கடல் சீறினால் பயணம் ரத்து. மேலே கழிப்பறைகூடக் கிடையாது. தலைசுற்றல் உள்ளவர்கள் கரையிலிருந்து பார்ப்பதே உத்தமம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே ஏன் போனார்கள்? ரத்தம் சிந்துவது சிவப்பு மறைசாட்சியம். கடவுளுக்காகப் பிரியமானதை எல்லாம் பிரிவது வெள்ளை மறைசாட்சியம் என்பது பழைய ஐரிஷ் துறவிகளின் கணக்கு. கொலும்பா 563-ல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் படகேறினார். அவருக்குப் பின்னும் பலர் ஐரோப்பா முழுக்கப் போனார்கள்.

கெர்ரிக்குக் கிழக்கே கார்க் நகரம். இங்கே, டக்ளஸ் தெருவில் நானோ நேகிளின் கல்லறை இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தச் சட்டம் தடை விதித்திருந்த 18-ம் நூற்றாண்டில், ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளிகள் நடத்தியவர். இரவில் கையில் லாந்தருடன் சந்து சந்தாக நடந்து ஏழைகளைப் பார்க்கப் போனவர். 1775-ல் அவர் தொடங்கிய சபைதான் பிரசன்டேஷன் சபை. பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளி இந்தச் சபையினுடையதுதான்!

அந்தச் சபையின் சகோதரிகள் டப்ளின் அருகே உள்ள மேனூத்திலிருந்து கிளம்பி, 1842-ல் மதராஸ் வந்து இறங்கினார்கள். சூயஸ் கால்வாய் அப்போது வெட்டப்படவில்லை. தெரியாத மொழி, தெரியாத வெயில்.

இன்று மேனூத்துக்கு டப்ளினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பழைய கோட்டையும், 1795-ல் தொடங்கிய குருமடமும் இருக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் படிக்கக் கட்டிய அந்தக் குருமடத்தில் இப்போது மாணவர்கள் மிகக் குறைவு. கான்வென்ட்டில் படித்துவிட்டு இங்கே பணியாற்ற வந்திருக்கும் ஒரு தமிழ்ச் சகோதரி, மாலையில் அந்த வளாகத்தில் நடந்துவிட்டு, ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட முடிகிறது. அன்று இதே ஊரிலிருந்து கிளம்பியவர்களுக்கு அந்த வசதி இல்லை.