வாப்பாவின் இரண்டு கடைகள்

பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டதும் அடுக்களைக்குள் ஒதுங்கிக் கொள்பவரா நீங்கள்? நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன்.

1974ஆம் ஆண்டு, தக்கலையில் ஏழாம் வகுப்பு. தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டார் ஆசிரியர். 'மை ஃபாதர் ஹேவ் டூ ஷாப்ஸ்' என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் திருத்தினார், காரணம் சொல்லவில்லை. அதன்பின் ஆங்கிலத்தில் நான் வாய் திறக்கவே இல்லை. மறு ஆண்டு என் படிப்பு நிறுத்தப்பட்டபோது நான் மறுத்துப் பேசாததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

சென்ற மாதம் என் பேத்தி அதே பிழைக்குச் சிவப்பு மைக் கோடு வாங்கி வந்தாள். அன்றிரவு அவளுடைய இலக்கண நூலையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

நம் மாவட்டப் பேச்சை எண்ணிப் பாருங்கள். 'வாப்பாவுக்கு ரெண்டு கடை உண்டு' என்கிறோம். எனக்கு, உனக்கு, அவருக்கு என எவருக்கானாலும் 'உண்டு' மாறுவதே இல்லை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்ததல்லவா? என் வாப்பா மலையாளம் பயின்றவர். அம்மொழியில் ஞான் வருந்நு, அவன் வருந்நு, அவர் வருந்நு, வினை ஒன்றேதான்.

ஏட்டுத் தமிழிலோ வேறு சிக்கல். 'அவரிடம் இரண்டு கடைகள் இருக்கின்றன' என்னும்போது வினை கடைகளோடு பொருந்துகிறது, உடையவரோடு அன்று. அரபியிலும் 'இந்தீ', அதாவது 'என்னிடம்' என்றுதான் தொடங்குகிறோம். ஆங்கிலம் மட்டும் உடையவரையே எழுவாயாக்குகிறது. கடை ஒன்றா நூறா என்று அது பார்ப்பதில்லை. அவன், அவள், அது என்னும் படர்க்கை ஒருமைக்கு 'ஹேஸ்'. மற்ற எல்லாருக்கும் 'ஹேவ்'. இவ்வளவுதான்! இதை அன்று எவரேனும் சொல்லியிருக்கலாம்.

ஒருவரையே விளித்தாலும் 'யூ ஹேவ்' என்பானேன்? 'யூ' முன்பு பன்மைச் சொல், நம் 'நீங்கள்' போல. ஒருமைக்குரிய 'தௌ ஹேஸ்ட்' பொதுவழக்கில் மறைந்துவிட்டது. அப்துல்லா யூசுஃப் அலீயின் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பில் இறைவனை விளிக்குமிடங்களில் அப்பழைய ஒருமையைக் காணலாம். நாமும் துஆவில் அவனை 'நீ' என்றுதானே அழைக்கிறோம்.

"கடையைப் பார்க்காதே, கடைக்காரரைப் பார்" என்றேன் பேத்தியிடம். பத்து வாக்கியங்களைப் பிழையின்றி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "அப்படியானால் 'டஸ் ஹி ஹேவ்' என்று வருகிறதே, உம்மும்மா? 'ஹேஸ்' எங்கே போயிற்று?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்குச் சென்றபின் மீண்டும் நூலைப் புரட்டினேன். கேள்வியில் 'டூ' முன்னே வந்து, தானே 'டஸ்' என மாறிவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் ஒரு மாற்றம் போதுமென்று 'ஹேவ்' பழையபடியே நிற்கிறது. அஸருக்குப் பிறகு அவள் வரும் நேரம் வரை வாசற்படியிலேயே அமர்ந்திருந்தேன்.