இறம்பொடை இறக்கத்தில் ஒரு பழைய கார்

மலைநாட்டுக்குச் சென்று மீள்வோர் ஏறிய வழியின் எழிலைப் பற்றியே பேசுவர். இறங்கிய வழியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஏறும்போது பாடுபடுவது காரின் எந்திரம். அதன் முனகலை எல்லோரும் கேட்கலாம். இறங்கும்போது பாடுபடுவது பிரேக்; அது முனகுவதில்லை. ஏதோவொரு வளைவில் அது ஓய்ந்துவிட்ட பின்னரே அதன் அருமை நமக்குத் தெரியவருகிறது. எனக்கு அது தெரியவந்தது 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வீதியில்.

எங்கள் வீட்டுக் கார் 1963ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். இவ்வினக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இது எழுபதுகளின் தொடக்கத்தோடு அங்கே உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், நம் நாட்டு வீதிகளில் இன்னும் மூப்படையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தந்தையார் விட்டுச்சென்ற இக்காரை விற்றுவிடலாம் என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, அத்தடை ஆண்டுக்கணக்கில் நீடித்தபோது, விற்கும் எண்ணம் போய்த் திருத்தும் எண்ணம் வந்தது. என்னைப் போல் அக்காலத்தில் பழைய காரோடு மீண்டும் உறவு கொண்டாடியவர்கள் பலர் இருப்பார்கள்.

அன்று காரில் நாங்கள் நால்வர்: அன்னையார், சகதர்மிணி, பன்னிரண்டு வயது மகன், நான். பின்னால் லீக்ஸ், கரட், கோவா ஆகியன அடங்கிய இரண்டு மூட்டைகள். நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். லபுக்கலையின் தேயிலைச் சரிவுகளின் ஊடாக வீதி வளைந்து வளைந்து இறங்குகிறது. பனிமூட்டம் ஒரு வளைவில் வீதியை மூடும். மறு வளைவில் விலகி, கீழே நாம் போகவேண்டிய வீதியையே சிறு நாடாவைப் போல் காட்டும். அன்னையார் பழைய பக்திப் பாடலொன்றை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானோ, வேகம் கூடிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், மூன்றாம் கியரில் காரை விட்டு, பிரேக் மிதியின்மேற் காலை எடுக்காமல் வைத்திருந்தேன். அதுவே நான் செய்த பிழை.

இவ்வீதியில் பூ விற்கும் சிறுவர்களைப் பலரும் கண்டிருப்பர். ஒரு வளைவிற் பூங்கொத்தை நீட்டுவார்கள். நாம் நிறுத்தாவிட்டால், தேயிலைச் செடிகளுக்கிடையே உள்ள ஒற்றையடிப் பாதையால் ஓடி இறங்கி, அடுத்த வளைவில் நமக்கு முன்னே நிற்பார்கள். அன்றும் ஒரு சிறுவன் இரண்டு வளைவுகளில் எங்களை மறித்தான். மூன்றாம் வளைவில் அவன் பூவை நீட்டவில்லை. முன் சில்லைக் கைகாட்டி, "சேர், சில்லுல பொகை வருது!" என்று கத்தினான்.

நான் மிதியை அழுத்தினேன். அது பஞ்சுமூட்டையை மிதித்ததுபோல் அடிவரை சென்றது, கார் நிற்கவில்லை. இரண்டாம் முறை அழுத்தினேன், சற்றே தயங்கியது. கியரை இரண்டாவதற்கும் பின்னர் முதலாவதற்கும் இறக்கி, கைப் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகானோரமாக இருந்த ஒரு காய்கறிக் கடையின் முன்னே காரை ஒருவாறு நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். அன்னையார் பாட்டை நிறுத்திவிட்டார்.

கடைக்காரர் ஒரு வாளி நீருடன் ஓடிவந்தார். அங்கே தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஒரு லொறிச் சாரதி அவரைத் தடுத்தார். கொதிக்கும் இரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் அது வெடித்துவிடும், தானாக ஆறட்டும் என்றார். ஒரு மணி நேரம் கழிந்தது. மிதி மீண்டும் பழையபடி உறுதியாயிற்று. எனக்கோ அதில் நம்பிக்கை மீளவில்லை. முதலாம், இரண்டாம் கியர்களிலேயே கம்பளைவரை ஊர்ந்து வந்தோம். அந்தப் பரபரப்பில் பூக்காரச் சிறுவனுக்கு நன்றி சொல்லவும் மறந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும், நீர்கொழும்பில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் கராஜ் வைத்திருக்கும் முதியவரிடம் காரைக் கொண்டுசென்றேன். இளமையில் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. நடந்ததைக் கேட்டவர் காரைப் பார்க்குமுன் என்னைப் பார்த்து, பிரேக் ஒயிலை எப்போது மாற்றினீர்கள் என்று வினவினார். ஐந்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டதென ஒப்புக்கொண்டேன்.

பின்னர் அவர் விளக்கியதையும் நான் கணக்கிட்டுப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு உயர வேறுபாடு ஏறத்தாழ 1400 மீற்றர். நால்வரும் மூட்டைகளும் ஏறிய மைனரின் பாரம் ஒரு தொன்னுக்குச் சற்று மேல். இப்பாரம் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் எந்திரமும் ஏற்கும். மிகுதி முழுவதும் நான்கு சில்லுகளுக்குள்ளே வெப்பமாக மாறவேண்டும். மைனரின் முன் சில்லுகளில் இருந்தவை எட்டங்குல டிரம் பிரேக்குகள். மூடிய பானை போன்ற டிரம்மினுள் வெப்பம் தங்கிவிடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் லைனரை விட்டு விலகுகிறது. மிதி கீழே போகிறது. அதோடு, பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ்வரை கொதியாது. ஈரம் ஏறிய பின்னரோ 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயினுள் ஆவி. ஆவி அமுங்கும், எனவே, நாம் மிதிக்கும் பலம் சில்லைச் சென்றடையாது. நான் மிதித்த பஞ்சுமூட்டை அதுதான்.

முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போடுவதென முடிவாயிற்று. பிற்காலத்து மொறிஸ் மரீனாக் காரின் டிஸ்குகளை மைனருக்குப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். மரீனாவின் முன்புற அமைப்பு மைனரின் வழிவந்ததாதலால் அது இயல்பாகவே இணங்கும். டிஸ்க் திறந்த வெளியிற் சுழல்வதால் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. நிறுத்தும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் சில்லுகளை மாற்றுவதே பெரும்பயன் தரும். பாகங்களைத் தேடிச் சேர்க்க மாதங்கள் பல சென்றன.

இடையில் நான் மற்றொரு மடமையும் செய்தேன். பந்தயக் கார்களுக்குரிய பேட்டுகள் கிடைத்தன என்று மகிழ்ந்து வாங்கிச் சென்றேன். பாஸ் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவை நன்றாகச் சூடேறிய பின்னரே பிடிக்கும். காலையில் வீட்டு வாசலைத் தாண்டும்போது குறுக்கே ஓடும் பிள்ளைக்கு அவற்றால் பயனில்லை என்றார். துளையிட்ட டிஸ்கையும் அவர் ஏற்கவில்லை. துளையைச் சுற்றி வெடிப்புக் காணும் என்பது அவர் கட்சி. சாதாரண வீதிக்குரிய நல்ல பேட், துளையில்லா டிஸ்க், புதிய ரப்பர்க் குழாய்கள், டொட் 4 ஒயில் – இவையே அவர் தெரிவு. டிரம்மிற்காக மாஸ்டர் சிலிண்டரினுள் இருந்த, குழாயிற் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வை அகற்றினார். அதை விட்டால் டிஸ்க் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்குமாம். கடைசியாகக் காற்றை வெளியேற்றும் வேலை. மகன் மிதியை அழுத்த, மிகத் தொலைவிலுள்ள பின் இடப்புறச் சில்லில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். அவனுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

வேலை முடிந்தது; மலைக்குப் போகலாமா என்றேன். பாஸ் சிரித்தார். "புது பிரேக்க மலையில பழக்கக் கூடாது தம்பி. மட்டமான ரோட்டுல பழக்கிட்டுத்தான் மலைக்குக் கொண்டு போகணும்" என்றார்.

ஆகவே 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு விடியலில், மலைக்கு நேரெதிர்த் திசையில், புத்தளம் வீதியால் வடக்கே புறப்பட்டோம். வழியிற் சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தில் காருக்கு ஒரு பூசை, அன்னையாரின் கட்டளை. அதன்பின் தென்னந்தோப்புகளின் ஊடே, முந்தலை நோக்கிச் செல்லும் நேரான சமவெளி வீதி. முன்னும் பின்னும் வாகனமில்லாத இடம் பார்த்து, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15 கிலோமீற்றர்வரை உறுதியாக அழுத்திக் குறைத்தேன், முற்றாக நிறுத்தவில்லை. உடனே மீண்டும் வேகம். இவ்வாறு பத்து முறை. மூன்றாம் முறை கார் இடப்புறம் இழுத்தது. ஆறாம் முறைக்குப் பின் அவ்விழுப்பு மறைந்தது. ஏழாம் முறை கருகல் நாற்றம் எழ, இறம்பொடையை நினைத்துச் சகதர்மிணி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். புதிய பேட்டிலுள்ள பிசின் முதற் சூட்டில் வாயுவை வெளிவிடும். அந்நேரம் பிடி தளரவும் கூடும். அது சமவெளியில் நிகழ்ந்து முடியவேண்டுமே தவிர, பள்ளத்தின் ஓரத்தில் அன்று.

இப்பழக்குதலினால் நிகழ்வது யாதெனில், பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக டிஸ்கின்மேல் ஒரே சீராகப் படிகிறது. பின்னர் பேட் பற்றுவது வெறும் இரும்பையன்று, தன் இனத்தையே. படலம் ஓரிடத்தில் தடித்துவிட்டால் மிதி நடுங்கும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று நாம் குறை கூறுவதிற் பெரும்பகுதி இந்தத் தடிப்பே. சூடான டிஸ்கை ஒரே இடத்தில் இறுகப் பிடித்து நிறுத்துவதால் அது நேரும். பத்தாம் முறை முடிந்து, ஆறவிடுவதற்காகப் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிச் செல்கையில், எதிரே ரயில் கடவை மூடப்பட்டது! கியராலேயே வேகத்தைக் குறைத்து, கடைசியில் இலேசாகத் தொட்டு நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பின் சில்லுகளைப் பிடிக்கும் கைப் பிரேக்கை மட்டும் இழுத்தேன். ரயில் போகும்வரை காரைச் சாண் சாணாக முன்னே உருட்டிக்கொண்டிருந்த என்னைக் கடவைக் காவலாளி ஐயத்துடன் நோக்கினார். பாலாவியின் உப்பளங்களைக் கண்ட பின்னரே இறங்கி டிஸ்குகளைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சாம்பல் நிறம், கோடின்றிப் பரந்திருந்தது.

அவ்வாண்டு சித்திரையில் மீண்டும் மலைக்குச் சென்றோம். கடுகண்ணாவை, பேராதனை, கம்பளை, புசல்லாவை எல்லாம் ஏறும் வழியில் விரைந்து கடந்தன. இறங்கும் நாளில் பாஸ் கூறிய விதி ஒன்றை மனத்திற் கொண்டேன்: எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். இரண்டாம் கியரின் முழக்கத்தில் அன்னையாரின் பாட்டு எங்களுக்குக் கேட்கவில்லை. வளைவுக்கு முன் ஓர் உறுதியான அழுத்தம்; பின்னர் காலை எடுத்துவிடுதல்; வேகம் கூடினால் மீண்டும் ஓர் அழுத்தம். டிரம் பிரேக் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டிஸ்கிற்கு அது இல்லை. எனவே மிதி கல்லைப்போல் கடினமாயிருந்தது. அக்கடினம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

கீழே கொத்மலை நீர்த்தேக்கம் மின்னியது. அப்பகுதியில் கெரண்டிஎல்லை என்னுமிடத்து வளைவையும் கடந்து வந்தோம். 2025 மே மாதத்தில் அங்கேதான் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. அச்செய்தியை வாசித்த காலையில் என் வலக்கால் தானாகத் தரையை அழுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் திட்வாப் புயலின்போது மண்சரிவுகள் இவ்வீதியைப் பல இடங்களில் சிதைத்தன; நான் எழுதியிருப்பது அதற்கு முன்னர் கண்ட வீதியைப் பற்றியே.

முன்பு நின்ற அதே காய்கறிக் கடையில் 2024இலும் நிறுத்தினோம். சில்லருகே கையை வைத்துப் பார்த்தேன். வெப்பம் இருந்தது, நாற்றம் இல்லை. பூங்கொத்துடன் ஒரு பையன் வந்தான். சென்ற ஆண்டு கத்தியவன் இவன்தானா என்று எனக்கு நிச்சயமில்லை, வளர்ந்திருந்தான். அன்னையாருக்கோ ஐயமே இல்லை. அவன் கேட்ட விலையின் இருமடங்கைக் கொடுத்து எல்லாப் பூவையும் வாங்கிவிட்டார். நுவரெலியாவில் வாங்கிய கோவாமூட்டையின் மேல் அவற்றைப் பரப்பிக்கொண்டு கம்பளைக்கு இறங்கினோம்.