கேள்வியை ஒரு ராத்திரி வைத்திருங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொழுது போதவில்லை என்பதுதான் என் பதில். நான் அறிவியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு, வேலைக்காலம் முழுக்கக் கணக்குப் பேரேடுகளோடு இருந்தவன். ஆனாலும் காலையில் கண் விழித்தால் பார்க்க ஏதோ ஒன்று காத்திருக்கிறது, படிக்க ஏதோ ஒன்று காத்திருக்கிறது. இந்த ஆசை கொடுத்த சந்தோஷத்தை எனக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை, பதவி உயர்வும் கொடுக்கவில்லை. அது உங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதற்குத் தொலைநோக்கி, ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு ஜன்னல் போதும். மதுரையில் எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தில் குளவி கூடு கட்டும். குச்சியால் தட்டிவிடலாம் என்பார்கள் வீட்டில், நான் விடுவதில்லை. ஈர மண்ணைப் பயறளவு உருட்டி வாயில் கவ்விக்கொண்டு வரும். வைத்த இடத்திலேயே முன்கால்களாலும் தாடையாலும் இழுத்து, மெல்லிய விளிம்பாக வளைக்கும். மறுபடி பறக்கும், மறுபடி உருண்டையோடு வரும். கொஞ்ச நேரத்தில் கழுத்தும் வாயும் வைத்த சின்னஞ்சிறு செம்பு ஒன்று சட்டத்தில் ஒட்டியிருக்கும். பிறகு பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அந்த வாய் வழியே உள்ளே தள்ளி, கடைசியில் மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். திரும்பியே பார்க்காது.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று என் பாட்டி சொல்லுவார். குருவுக்கும் சீடனுக்கும் உவமையாகக் கோயில் சொற்பொழிவுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். இதைச் சொன்னவர்கள் கண்ணால் பார்த்துத்தான் சொன்னார்கள். குளவி கொட்டுவதைப் பார்த்தார்கள். கூட்டுக்குள் புழு போனதைப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். மூன்றுமே உண்மை. நடுவில், அடைத்த கூட்டுக்குள் நடந்தது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த நடுப்பகுதியைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சு நாட்டுப் பள்ளி ஆசிரியர் ழான் ஆன்ரி ஃபாபர். 1823இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு குளிர்கால இரவில், வண்டு பிடிக்கும் குளவியைப் பற்றி லியோன் துஃபூர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையைப் படித்தார். குளவி வண்டைக் கொன்று, அது அழுகாமல் இருக்க ஏதோ மருந்தை உடம்பில் ஏற்றுகிறது என்பது துஃபூரின் முடிவு. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் தன் வழி எது என்று ஃபாபருக்குத் தெரிந்தது. ஆனால் படித்ததோடு அவர் நிற்கவில்லை. தானே போய்க் குளவிக் கூடுகளைத் தோண்டி எடுத்தார். உள்ளே இருந்த வண்டுகள் சாகவில்லை. குளவி அவற்றின் நரம்பு மையத்தில் கொட்டி அசைவை மட்டும் நிறுத்தியிருந்தது. உயிரோடு இருப்பதால்தான் இரை அழுகுவதில்லை. 1855இல் இதை வெளியிட்டார். தன்னை இந்தத் துறைக்குள் கொண்டுவந்த எழுத்தையே அவர் திருத்தினார், அதை எழுதியவர்மேல் வைத்த மரியாதை குறையாமலே.

எங்கள் ஜன்னல் குளவியின் இனத்தையும் ஃபாபர் பார்த்திருக்கிறார். முட்டையை அது கூட்டின் தரையில் இடுவதில்லை. கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. கீழே கிடக்கும் புழுக்கள் முழுக்க மரத்துப்போனவை அல்ல, கொஞ்சம் நெளியும். முட்டை அவற்றின் நடுவே கிடந்தால் நசுங்கிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு, தாய் வைத்துப்போன இரையைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் நான் பார்த்த மண்செம்புக்குள் அப்படி ஓர் இழை தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்து நினைத்து விழித்திருந்தேன்.

பிள்ளைகளே, பார்த்துவிட்டுப் படித்ததால்தான் அந்தப் பக்கம் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. முதலில் பாருங்கள். பிறகு, இதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று நீங்களே ஒன்றை யூகித்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்று உங்கள் கையில் போன் இருக்கிறது, கேட்ட மாத்திரத்தில் பதில் வருகிறது. நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் யூகிக்காமல் வாங்கிய பதில் சாயங்காலத்துக்குள் மறந்துபோகிறது. கேள்வியை ஒரு ராத்திரியாவது உங்களோடு வைத்திருங்கள். காலையில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கும், சில சமயம் பதிலையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்.

மொட்டை மாடியில் ஒரு கோலை நேராக நட்டு, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று குறித்துப் பாருங்கள். உச்சிப்பொழுது என்றால் பன்னிரண்டு மணி என்றுதானே நினைக்கிறோம்? ஏப்ரல் நடுவில் மதுரையில் அது 12 மணி 17 நிமிடத்தை ஒட்டி வருகிறது. இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மதுரை ஏறக்குறைய 78 பாகையில், அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு பாகை திரும்பப் பூமிக்கு நான்கு நிமிடம் ஆகிறது, கணக்கு சரியாகிவிட்டது. இதோடு விட்டுவிடாமல் வருடம் முழுக்கக் குறித்துவந்தால் இன்னொன்று தெரியும். பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 12.32 வரை தள்ளிப்போகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே வந்துவிடுகிறது. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. புத்தகத்தில் இதைப் படித்தவர்கள் நிறையப் பேர். தன் வீட்டு மாடியில், சுண்ணாம்புக்கட்டிக் கோடுகளில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நீங்கள் அந்தக் கொஞ்சம் பேரில் இருங்கள்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் வருவார்கள். கேட்பவர்மேல் கோபப்படாமல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அனுபவத்தைக் கேட்டால், வீட்டில் பெரிய துக்கம் நடந்த வருடத்திலும் நான் கோல் நட்டேன். மனிதர் பேச்சு எதுவும் காதில் ஏறாத நாட்களில்கூட, நிழல் வரவேண்டிய இடத்துக்கு வந்தது. அதைக் குறிப்பதற்காகவாவது எழுந்து படியேறினேன். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

புத்தகம் வாங்கக் காசு இல்லை என்று தயங்காதீர்கள். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்குகிறார்கள். கிளை நூலகத்துப் புத்தகத்துக்கு உங்கள் குடும்பம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறது. போய் உரிமையோடு எடுங்கள். தமிழிலேயே தொடங்குங்கள். பெ.நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். ஆனால் பல பத்தாண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதினார். சட்டம் படித்தவர் அணுவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று அவர் ஒதுங்கியிருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

நூலகம் என்றதும் எரடோஸ்தனிஸ் நினைவு வருகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர். தெற்கே சையீன் நகரத்தில் கோடை உச்சியில், நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது என்று அறிந்திருந்தார். அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது. அந்த நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அளந்து, இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார்.

அந்த அளவையை நாமும் செய்யலாம். ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். அன்று நண்பகலில் கோலுக்கு நிழலே இருக்காது. அங்கே ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் நீங்கள் மதுரையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும்போது அளந்துபாருங்கள். சூரியனை நேரே மட்டும் பார்க்காதீர்கள், நிழலைப் பார்த்தால் போதும். தெற்கு நோக்கி ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் வரும். அது கிட்டத்தட்ட 3.15 பாகை. 360ஐ அதனால் வகுத்து, இரண்டு ஊருக்கும் இடையே உள்ள வடக்கு தெற்குத் தூரமான 350 கிலோமீட்டரால் பெருக்குங்கள். துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர்; உங்கள் விடை எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.