அழிந்துபோன கரிக்கோடு

முடிச்சூர்வாசிகளாகிய நமக்கு வான சாஸ்திரம் தெரியாது. ஆனால் கார்த்திகை மாதத்தில் வானத்தைப் பார்த்துப் பயப்படும் சாஸ்திரம் நன்றாகத் தெரியும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி கற்ற பாடம் அது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு வந்தது; வாசலுக்குப் படகு வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, கூடத்துச் சுவரில் ஜலம் நின்ற மட்டத்தில் கரியால் ஒரு கோடு கிழித்து வைத்தோம்.

சென்ற மாதம் தங்கையும் அவள் மகனும் வந்திருந்தார்கள். பையன் கை நிறையச் சம்பளம் தரும் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சர்வகலாசாலைக்குப் போகிறானாம். செயற்கை நுண்ணறிவைச் சுற்றுச்சூழலுக்கும் தேக ஆரோக்கியத்துக்கும் பயன்படுத்தும் ஆராய்ச்சியாம். "அண்ணா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யந்திரத்துக்கே புத்தி புகட்டக் கிளம்பியிருப்பவனுக்கு நாம் என்ன புத்தி சொல்வது? ஆயினும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதனால் ஜனங்களுக்கு என்னப்பா பிரயோஜனம்?" என்று கேட்டு வைத்தோம்.

பையன் சொன்ன விஷயம் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஸ்கேன் படத்தில் சிசுவை அளந்து கர்ப்பத்தின் வயதைக் கணிக்கிறார்களல்லவா? அதற்கு வழங்கிவரும் சூத்திரங்கள் மேல்நாட்டு ஜனங்களின் அளவுகளிலிருந்து பிறந்தவை. நம் நாட்டுச் சிசுக்களுக்கு அவை பிசகக்கூடும். வயது பிசகினால், பிறந்தது குறைமாதக் குழந்தையா, நிறைமாதக் குழந்தையா என்பதே பிசகிப் போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹிமான்ஷு சின்ஹாவின் குழுவும், ஃபரீதாபாத்திலுள்ள டி.எச்.எஸ்.டி.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, இந்தியக் கர்ப்பிணிகளின் அளவுகளையே யந்திரத்துக்குப் புகட்டி, 'கர்ப்பிணி-ஜி.ஏ.2' என்ற கணக்கு முறையை 2024-இல் வெளியிட்டார்கள். பிழை வெகுவாகக் குறைந்தது.

காற்றின் கதையும் இதுவே. ஓரிடத்தில் நிற்கும் கருவி அந்த இடத்துக் காற்றைத்தான் அறியும். ஆகவே ஐ.ஐ.டி.யின் ரகுநாதன் ரங்கசாமி குழுவினர், மலிவான கருவிகளை ஓடும் வண்டிகளில் பொருத்தித் தெருத்தெருவாக மாசை அளக்கும் 'காற்று' என்ற திட்டத்தை வகுத்தார்கள்.

"வெள்ளமும் அப்படித்தான், மாமா. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் ஜலம் நின்றது என்று சொல்லிக் கொடுத்தால்தான் யந்திரம் அடுத்த வெள்ளத்தைச் சரியாக ஊகிக்கும். உங்கள் கூடத்தில் ஒரு கோடு இருந்ததே!" என்று சொல்லிப் பையன் அளவு நாடாவை எடுத்தான்.

நாம் சுவரைப் பார்த்தோம். சுவர் வெள்ளை வெளேரென்று நம்மைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாம் வருஷத்துப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, கூடத்துக்கு அவலட்சணம் என்று நாமேதான் அந்தக் கோட்டை அழிக்கச் சொன்னோம்! மார்பளவு என்றோம் நாம். இடுப்பளவுதான் என்றாள் நம் மனைவி. பையன் ஒன்றும் பேசாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டான்.

அன்னியர் கணக்கு நமக்குப் பொருந்தவில்லை என்று குறை சொல்வது சுலபம். நம் கணக்கை நாம் எழுதி வைத்தோமா? எழுதி வைக்கச் சிலராவது கிளம்பும்போது, சம்பளம் குறைவு என்று அழுது தடுக்கலாமா?

"போய் வரட்டும், அம்மா" என்று தங்கையிடம் சொன்னோம். அவள் சமாதானமடைந்தாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் புறப்படும்போது, அந்த வெறும் சுவரை ஒரு கணம் நின்று பார்த்தாள்.

இனி முடிச்சூருக்கு வெள்ளமே வேண்டாம் என்பது நம் பிரார்த்தனை. வந்துவிட்டாலோ, கோடு கிழிப்போம். அதன்மேல் வெள்ளையடிக்க மாட்டோம்.